பால் நிறுக்கும் கிராணி

காலை பதினொரு மணிக்கு மேல் பால் ஸ்டோர் வாசலில் வரிசை கட்டி நிற்பார்கள். தோளில் காண்டா, அதன் இரு முனையிலும் வாளி, வாளிக்குள் பால் தளும்பாமல் இருக்க மிதக்கவிட்ட ஓர் இலை. இடம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டம். காலம் 1960களின் கடைசி. உள்ளே ஒரு மேசை, ஒரு ஸ்டூல், ஸ்டூலில் தோட்டக் கணக்கரான கிராணி. வாளியைத் தராசில் ஏற்றச் சொல்லி எத்தனை ராத்தல் என்று பார்ப்பார். பிறகு பாலில் கொஞ்சம் மொண்டு தண்ணீர் கலந்து மெட்ரோலாக் என்ற மிதவையை அதில் விடுவார். அது எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அன்றைய பாலின் தரம். குனிந்து அந்தக் கோட்டைப் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். பார்த்ததைப் புத்தகத்தில் எழுதுவார். எழுதினால் எழுதியதுதான். விடியுமுன் எழுந்து, நெற்றி விளக்கோடு நானூறு ஐந்நூறு மரம் வெட்டியவளின் கூலி அந்த ஒரு குனிதலில் முடிந்துவிடும்.

என் அம்மா தராசு முள்ளைப் பார்த்து நான் கண்டதில்லை. கிராணியின் முகத்தைத்தான் பார்ப்பார். கிராணி வேற்று மனிதரும் இல்லை. தமிழ் பேசுகிறவர், மாரியம்மன் திருவிழாவில் முதல் வரிசையில் நிற்கிறவர், அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர். "நம்ம ஆளுதானம்மா, ஏன் பயப்படறே?" என்று ஒரு நாள் கேட்டேன். "நம்ம ஆளுதான்யா. ஆனா அந்த ஸ்டூலு துரையோடது" என்றார்.

நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்துக்கு நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு அந்த ஸ்டூல்தான் ஞாபகம் வருகிறது. உட்கார்ந்திருப்பவர் யார் என்று கேட்பதற்கு முன்னால், உட்கார வைத்தது யார், எழுப்பி அனுப்பக்கூடியவர் யார் என்று கேட்கும் பழக்கம் அங்கே தொடங்கியது.

மாநிலத் தலைநகரான ஈப்போவின் ரயில் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் எதிரே நகர மண்டபம், அருகிலேயே வெள்ளைவெளேரென்று உயர் நீதிமன்றம். ஹப்பாக் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வரைந்தவை இவை. தோட்டத்துச் சனத்துக்கு ஈப்போ கோர்ட்டு என்றால் வழக்கறிஞர்களான சீனிவாசகம் சகோதரர்கள். டி.ஆர். சீனிவாசகம் 1969இல் இறந்தபோது எங்கள் லயத்தில் அடுப்பு மூட்டாத வீடுகள் இருந்தன. பணம் இல்லாதவனுக்கும் கோர்ட்டில் வாய் உண்டு என்பதை எங்களுக்குக் காட்டியவர் அவர். வாதாடுகிறவரை நாங்கள் அறிவோம், பெயர் சொல்லி வாழ்த்துவோம். மேலே உட்கார்ந்து கேட்கிறவர் எங்கிருந்து வந்தார், எப்படி வந்தார் என்று எங்களில் யாரும் கேட்டதில்லை.

இத்தனைக்கும் அந்த நாற்காலிக்கும் பேராக்குக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1974 முதல் 1982 வரை நாட்டின் உச்ச நீதிபதியாக, அன்றைய வழக்கில் லார்ட் பிரசிடெண்டாக, இருந்த துன் முகமது சுபியான் ஹாஷிம் கோலகங்சார் பக்கத்து மனிதர். அவருக்குப் பின் வந்த ராஜா அஸ்லான் ஷா பத்து காஜாவில் பிறந்தவர். 1979இல் ஸ்ரீ லெம்பா நிறுவனத்தின் நில வழக்கில், எந்தச் சட்ட அதிகாரத்துக்கும் ஓர் எல்லை இருந்தாக வேண்டும், எல்லையில்லாத அதிகாரம் சர்வாதிகாரம் என்ற பொருளில் அவர் எழுதியதைச் சட்டம் படிக்கும் பிள்ளைகள் இன்றும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். நில இலாகாவின் ஓர் உத்தரவை எதிர்த்த சாதாரண வழக்குதான். அதிலிருந்து இத்தனை பெரிய வார்த்தை பிறந்தது.

1984 ஜனவரி கடைசியில் பேராக் சுல்தான் இட்ரிஸ் காலமானார். ராஜா அஸ்லான் ஷா பிப்ரவரியில் சுல்தான் ஆனார், நீதிபதி நாற்காலியை விட்டார். அந்த இடத்துக்கு வந்தவர் துன் சாலே அபாஸ். மறு ஆண்டு ஜனவரி 1 முதல் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போகும் மேல்முறையீட்டு வழி முழுவதும் அடைபட்டது. கடைசி வார்த்தை இனி நம் மண்ணிலேயே என்றானது. நியாயமான மாற்றம்தான். ஆனால் கடைசி வார்த்தை சொல்பவர்களை யார் பொறுக்கி எடுப்பது, யார் காப்பது என்ற கேள்வி அன்றுதான் நம் தலையில் முழுதாக இறங்கியது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1988இல், அது வெடித்தது.

நீதித்துறையைப் பிரதமர் வெளிப்படையாகக் குறை சொல்லிக்கொண்டிருந்த காலம். நீதிபதிகள் கூடிப் பேசினார்கள். சாலே அபாஸ் மாமன்னருக்குக் கடிதம் எழுதினார். ஆளும் கட்சியான அம்னோவின் கட்சித் தேர்தல் வழக்கின் மேல்முறையீட்டை ஒன்பது நீதிபதிகள் கேட்க ஏற்பாடு செய்தார். அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். அவரை விசாரிக்க அமைந்த மன்றத்துக்குத் தலைமை வகித்தவர், சாலே அபாஸ் போனால் அந்த நாற்காலிக்கு வரக்கூடியவர், பிறகு வந்தும்விட்டவர். ஆகஸ்டில் சாலே அபாஸ் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவருக்காகக் கூடிய ஐந்து உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் இடைநீக்கம் ஆனார்கள். வான் சுலைமான், ஜார்ஜ் சியா இருவரும் திரும்பவே இல்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 2008இல், அரசு அந்த ஆறு பேர் தரப்புக்கும் நல்லெண்ணத் தொகை கொடுத்தது. நாற்காலியைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

ஒரு கணக்கு என்னை விடுவதே இல்லை. ராஜா அஸ்லான் ஷா 1928இல் பிறந்தவர். நீதிபதிகளின் ஓய்வு வயது அன்று 65. அரண்மனை அழைக்காமல் இருந்திருந்தால் 1988இல் அந்த நாற்காலியில் அவரே இருந்திருக்கக்கூடும். என்ன நடந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. என்னை உறுத்துவது வேறு. ஒரு நாட்டின் நீதித்துறையின் தலையெழுத்து ஓர் அரண்மனையின் வாரிசு வரிசையில் தொங்கியிருக்கிறது. நல்ல கிராணி வந்த வருஷம் நல்ல நிறுவை, அவர் மாற்றலாகிப் போன வருஷம் பழைய நிறுவை என்று எங்கள் தோட்டத்தில் சொல்வார்கள். மனிதரை நம்பி இருந்த நிறுவை அது. முறையை நம்பி நாங்கள் இருந்ததில்லை.

ஓய்வுபெற்ற துன் சுபியான் தம் கடைசி ஆண்டில், 2000இல், இன்றைய நீதிபதிகள் சிலர் முன்னால் நிற்க நேர்வதை விரும்ப மாட்டேன், குறிப்பாக நான் குற்றமற்றவனாக இருந்தால் என்று சொன்னார். எட்டு ஆண்டு அந்த நாற்காலியில் இருந்த கிழவர் சொன்னது. படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அரசியலமைப்பின் 122பி பிரிவு சொல்வது இது: கூட்டரசு, மேல்முறையீட்டு, உயர் நீதிமன்றங்களின் நீதிபதிகளைப் பிரதமரின் ஆலோசனைப்படி மாமன்னர் நியமிப்பார், அதற்கு முன் மாநில ஆட்சியாளர்கள் மாநாட்டைக் கலந்தாலோசிப்பார். எழுத்தில் மூன்று வாசல் தெரிகிறது. பெயர் புறப்படுகிற வாசல் ஒன்றுதான், அது பிரதமர் அலுவலகம். அந்த வாசலுக்கு முன்னால் யார் யார் காத்துக் கிடந்தார்கள் என்பதை 2007 செப்டம்பரில் வெளியான காணொளி காட்டியது. ஒரு வழக்கறிஞர் சோபாவில் உட்கார்ந்து, எந்த நீதிபதியை எங்கே உயர்த்துவது என்று தொலைபேசியில் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார். "கரெக்ட், கரெக்ட், கரெக்ட்" என்று அவர் சொன்னது ஈப்போ சாப்பாட்டுக் கடைகளில் கூடப் பேச்சுவழக்காகிவிட்டது. பேசியவர் வி.கே. லிங்கம். நம் பெயர் கொண்டவர். அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. அந்த மாதம் 26ஆம் தேதி ஏறத்தாழ இரண்டாயிரம் வழக்கறிஞர்கள் கோட்டும் கழுத்துப் பட்டையுமாகப் புத்ராஜெயாவில் நடந்தார்கள். அரச விசாரணை ஆணையம் அமைந்தது. அந்தப் படம் உண்மையானதே என்று அது சொன்னது.

அதன் பலனாக வந்ததுதான் நீதித்துறை நியமன ஆணையச் சட்டம். 2009 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்பு இல்லாத ஒன்று வந்ததே என்று நான் உண்மையாகவே மகிழ்ந்தேன். தேர்வுக்கு அளவுகோல் எழுதப்பட்டது: நேர்மை, திறமை, பாரபட்சமின்மை, காலத்தில் தீர்ப்புச் சொல்லும் துணிவு. தீர்ப்பு எழுதாமல் நாள் கடத்தி மூன்றோ அதற்கு மேலோ பாக்கி வைத்திருப்பவருக்குப் பதவி உயர்வு இல்லை என்றுகூட ஒரு விதி உண்டு. செக்ரோல் என்ற கூலிப் பதிவேடு எழுதி வளர்ந்த கூட்டத்துக்கு இது புரியும். பாக்கி வைத்தவன் பெயர் மேலே போகக் கூடாது.

ஆனால் ஸ்டூலின் காலைத் தட்டிப் பாருங்கள். ஆணையத்தில் ஒன்பது பேர். நான்கு பேர் பதவி வழியாக வருகிறவர்கள்: தலைமை நீதிபதி, மேல்முறையீட்டு நீதிமன்றத் தலைவர், மலாயாவின் தலைமை நீதிபதி, சபா சரவாக்கின் தலைமை நீதிபதி. மீதி ஐவரையும் பிரதமர் நியமிக்கிறார். அவர்களில் நான்கு பிரமுகர்களை வழக்கறிஞர் மன்றம் போன்ற அமைப்புகளைக் கலந்த பிறகு போடுகிறார். காரணம் சொல்லாமலே அவர்களை விலக்கவும் அவரால் முடியும். ஆணையம் பெயர் அனுப்பினால், இன்னும் இரண்டு பெயர் கொடுங்கள் என்று அவர் கேட்கலாம், அதற்கும் காரணம் எழுத வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 2005 சட்டத்துக்குப் பிறகு அமைச்சர் ஒரு பெயரைத் திருப்பி அனுப்புவதற்கும் கணக்கு உண்டு, காரணத்தை எழுத்தில் வைத்தாக வேண்டும். நமக்குச் சுதந்திரத்தைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் தம் வீட்டில் அதைத் திருத்திக்கொண்டார்கள். அவர்கள் விட்டுப்போன பழைய பழக்கத்தை நாம் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

சட்டம் நடைமுறைக்கு வந்த அதே பிப்ரவரியில் பேராக் ஆட்டம் கண்டது. மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் பக்கம் மாறினார்கள். சட்டமன்றத்தைக் கலைக்கும்படி மாநில முதல்வரான மந்திரி பெசார் நிசார் ஜமாலுடின் கேட்டார், சுல்தான் ஏற்கவில்லை. சம்ரி அப்துல் காடிர் மந்திரி பெசார் ஆனார். மார்ச் 3ஆம் தேதி சட்டமன்றக் கதவு அடைபட்டிருக்க, சபாநாயகர் வி. சிவக்குமார் ஈப்போவில் மாநிலச் செயலகத்துக்கு அருகே ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் சபையைக் கூட்டினார். நான் அன்று அங்கே சாலை ஓரத்தில் நின்றவன். வெயில். மரநிழலில் ஒரு நாற்காலி, அதில் கறுப்பு அங்கியோடு நம் பிள்ளை ஒருவன். என் பக்கத்தில் நின்ற சீனப் பாட்டி அவருக்காக விசிறியை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார், அவ்வளவு தூரத்திலிருந்து. மே 7ஆம் தேதி அதே சிவக்குமாரைச் சபைக்குள்ளிருந்து நாற்காலியோடு இழுத்துக் கொண்டுபோனார்கள். அவர் இடத்தில் உட்கார்ந்தவர் ஆர். கணேசன். இருவருமே தமிழர்.

விஷயம் நீதிமன்றம் போனது. மே 11இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் நிசார்தான் மந்திரி பெசார் என்றது. 22ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டியது. 2010 பிப்ரவரி 9இல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐவர் ஒருமனதாகச் சம்ரி பக்கம் தீர்ப்பளித்தார்கள். 1966இல் சரவாக்கின் ஸ்டீபன் கலோங் நிங்கான் வழக்கில், பெரும்பான்மை போனதா என்பதைச் சபையில் வாக்கெடுத்துத்தான் அறிய வேண்டும் என்று ஒரு நீதிபதி சொல்லியிருந்தார். 2010இல், வேறு வழியிலும் அறியலாம் என்றார்கள். நான் அன்று மிகவும் கசந்துபோனேன். இவர்களையெல்லாம் போட்டது யார் என்று வீட்டில் சத்தம் போட்டேன்.

எட்டு ஆண்டுகள் கழித்து வேறொரு ஈப்போ வழக்கு. மழலையர் பள்ளி ஆசிரியை எம். இந்திரா காந்தியின் மூன்று பிள்ளைகளை, மதம் மாறிய தந்தை 2009இல் தாய்க்குத் தெரியாமலே மதம் மாற்றிப் பதிந்துவிட்டார். கடைக்குட்டிக்கு அப்போது பதினொரு மாதம். அந்தக் குழந்தையைத் தந்தையே கொண்டு போய்விட்டார். 2013இல் ஈப்போ உயர் நீதிமன்ற நீதிபதி லீ சுவீ செங் அந்த மதமாற்றச் சான்றிதழ்களை ரத்து செய்தார். 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்று அதை மாற்றியது. 2018 ஜனவரி 29இல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐவர் ஒருமனதாகத் தாயின் பக்கம் நின்றார்கள். வழக்கு ஒரு சொல்லில் நின்றிருந்தது. பிள்ளையின் மதத்தைப் பெற்றோர் தீர்மானிக்கலாம் என்று சொல்லும் பிரிவில் அந்தச் சொல் ஒருமையில் இருக்கிறது. ஒருவர் போதுமா, இருவரும் வேண்டுமா? ஒருமை பன்மையையும் அடக்கும் என்று அரசியலமைப்பின் அட்டவணையே சொல்கிறது, இருவரும் உயிரோடு இருக்கையில் இருவர் சம்மதமும் வேண்டும் என்றது தீர்ப்பு. நீதி அதிகாரத்தை நீதிமன்றத்திடமிருந்து யாரும் பறித்துவிட முடியாது என்றும் அதில் உறுதியாக எழுதப்பட்டது. எழுதியவர் டான்ஸ்ரீ சைனுன் அலி.

அந்தப் பெயரைப் படித்ததும் பழைய பத்திரிகைக் கட்டை எடுத்துப் புரட்டினேன். 2009 மே 22இல் சம்ரி பக்கம் தீர்ப்பளித்த மூவரில் அவரும் ஒருவர்.

அன்று நான் திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வழக்கில் நான் திட்டிய அதே கை, இன்னொரு வழக்கில் நான் வணங்கும் தீர்ப்பை எழுதியிருக்கிறது. அதுவரை எனக்குள் இருந்த ஆசை எளியது: அந்த அமர்வில் நம்ம ஆள் வேண்டும், நம் பக்கம் பேசுகிறவர் வேண்டும். அந்த ஆசையில் எவ்வளவு துரைத்தனம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. துரையும் அதைத்தானே கேட்டார், தன் பக்கம் நிறுக்கிற ஒருவரை?

இதைச் சொல்லும்போது நம்மவர் இருக்க வேண்டிய தேவையை நான் குறைத்துச் சொல்லவில்லை. தமிழ்நாட்டிலிருந்து ஏ. வரதராஜன் 1980இல் இந்திய உச்ச நீதிமன்றத்துக்குப் போனார், அங்கே உட்கார்ந்த முதல் தலித் நீதிபதி. குடியரசாகி முப்பது ஆண்டுகள் பிடித்திருக்கிறது. இங்கே நளினி பத்மநாதன் 2018இல் கூட்டரசு நீதிமன்றம் சென்றபோது என் மகள் அந்தச் செய்தியைத் தன் தோழிகளுக்கெல்லாம் அனுப்பினாள். லயத்து வீட்டின் கூரை எப்படிச் சூடாகும் என்று தெரிந்தவர் ஒருவர் மேலே இருப்பது கேட்கும் காதை மாற்றும். ஆனால் அவரும் அந்த இடத்துக்கு எவருக்கும் கடன்படாமல் போயிருக்க வேண்டும். இந்தியாவில் நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள், 1993 தீர்ப்பிலிருந்து அந்த முறை. அதை மாற்ற வந்த ஆணையத்தை 2015இல் அவர்களே செல்லாது என்று தள்ளினார்கள். ஆட்சிக்குக் கடன்படாமல் இருக்க அது ஒரு வழி. மூடிய அறைக்குள் உறவுக்கும் நட்புக்கும் கடன்பட அதுவே இன்னொரு வழி என்ற குறை அங்கே ஓயவில்லை.

2025 ஜூலையில், ஆட்சிக்குக் கடன்படும் நாற்காலி பற்றிய கவலை இங்கே திரும்ப வந்தது. தலைமை நீதிபதி துன் தெங்கு மைமுன் 66 வயது நிறைந்து 2ஆம் தேதி ஓய்வு பெற்றார். மறுநாள் மேல்முறையீட்டு நீதிமன்றத் தலைவரும் ஓய்வு பெற்றார். ஆறு மாதம் வரை நீட்டிக்க அரசியலமைப்பில் இடம் உண்டு, நீட்டிக்கவில்லை. யார் அடுத்தவர் என்றும் சொல்லவில்லை. ஒரு நாட்டின் இரண்டு உச்ச நாற்காலிகள் ஒரே நேரத்தில் காலியாகக் கிடந்தன. 14ஆம் தேதி வழக்கறிஞர்கள் மறுபடியும் புத்ராஜெயாவில் நடந்தார்கள், நீதி மாளிகையிலிருந்து பிரதமர் அலுவலகம் வரை. நியமனத்தில் பிரதமரின் பங்கை எடுத்துவிடலாம் என்று தெங்கு மைமுன் பதவியில் இருக்கும்போதே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். மாதக் கடைசியில் வான் அகமட் ஃபரிட் தலைமை நீதிபதியாகப் பதவியேற்றார். ஒரு காலத்தில் அம்னோ அரசியலில் இருந்தவர், துணையமைச்சராக இருந்தவர். அவருடைய தீர்ப்புகளை வைத்தே அவரை எடைபோட வேண்டும், அதை நான் சைனுன் அலியிடம் கற்றுக்கொண்டேன். என் கேள்வி நாற்காலியைப் பற்றியது. எந்தப் பெயர் போனது, எது திரும்பியது, ஏன் திரும்பியது என்று ஈப்போவில் ஓர் ஆசிரியை கேட்டால் காட்டுவதற்கு ஒரு தாள் இருக்க வேண்டும். பிரமுகர்களைக் காரணமின்றி விலக்கும் விதி போக வேண்டும். இன்னும் இரண்டு பெயர் என்று கேட்பவர் எழுதிக் கேட்க வேண்டும். மெட்ரோலாக் கோட்டை வரிசையில் நிற்பவளும் குனிந்து பார்க்கலாம் என்று விடுவது போலத்தான் இது.

இந்திரா காந்தியின் வழக்கு வென்றது. தீர்ப்பு வந்து ஆண்டுகள் ஓடியும் அந்தத் தாய் கடைக்குட்டியைக் கண்ணால் காணவில்லை. அதற்கான பதில் நீதிபதிகளிடம் இல்லை, தீர்ப்பை நிறைவேற்ற வேண்டியவர்களிடம் இருக்கிறது. அது வேறு கட்டுரை.

எங்கள் தோட்டமும் ஒரு நாள் விற்கப்பட்டது. துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் வாங்கிய தோட்டங்கள் பிழைத்தன, எங்களுடையது அந்தப் பட்டியலில் இல்லை. வேலை போனால் வீடும் போக வேண்டும் என்று புதிய முதலாளி வழக்குப் போட்டார். அம்மாவையும் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். ஈப்போ உயர் நீதிமன்றப் படிகளை அவர் அன்றுதான் முதன்முதலாக ஏறினார். உள்ளே போய் உட்கார்ந்ததும் மேலே பார்த்தார்.

"இவர யாருய்யா வச்சது?"

"மாமன்னரும்மா."

"அவருக்கு யாரு சொன்னது?"

"பிரதமர்."

அம்மா பேசாமல் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். பால் ஸ்டோர் முகம்.

கூண்டில் நிற்கையில், எத்தனை வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அம்மா வருஷம் சொல்லவில்லை. முதல் பிள்ளை பிறந்த மழைக்காலம், பழைய மரங்களை வெட்டிப் புதுக் கன்று நட்டது, லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது என்று சொல்லிக்கொண்டே போனார். மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மலாயில் ஒரே வரியாகச் சொன்னார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். அவர் சொன்னது இவ்வளவு நீளம், நீங்கள் சொன்னது இவ்வளவு குறைவு, மறுபடி முழுதாகச் சொல்லுங்கள் என்றார். மழைக்காலம், கன்று நட்டது, குழாய் எல்லாம் மலாயில் வந்தது. அவர் கையாலேயே எழுதிக்கொண்டார்.

வழக்கில் தோற்றோம். ஆறு மாதம் அவகாசம் கிடைத்தது. மேல்முறையீட்டுக்குப் போகக் கையில் காசில்லை.

மேடான் கிட் நிலையத்தில் சுங்கை சிப்புட் பஸ்ஸுக்காக நின்றோம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நிறுவ சரியாத்தான்யா இருந்துச்சு. பாலுதான் பத்தல" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

"இவருக்கு மேல இருக்கறவங்களும் இப்படித்தான் முழுசாக் கேப்பாங்களா?"

பஸ் வந்துவிட்டது. அம்மாவைக் கைபிடித்து ஏற்றினேன்.